கும்மாங்குத்துக் கடையில் கைகலப்பு கூடாது

அடிக்கிறவர், அடிபடுகிறவர் இருவரிடமும் ஒரே நேரத்தில் நல்ல பெயர் வாங்கவேண்டிய தொழில் ஒன்று உண்டென்றால், அது கேம் கடை நடத்துவதுதான். நாலு பேரை நெருக்கி உட்காரவைத்து, ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்து, "நன்றாக அடித்துக்கொள்ளுங்கள், ஆனால் கோபப்படாதீர்கள்" என்று சொல்லிவிட்டு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கவேண்டும். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு ஆள் அனுப்புகிறவர்கள், ரேஷன் கடையில் வரிசை பார்க்கிறவர்கள், டவுன் பஸ் கண்டக்டர்கள் ஆகியோருக்கு நான் சொல்வது உடனே புரியும்.

நான் டி.வி. மெக்கானிக். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கெட்டுப்போனதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். வீடு அம்பகரத்தூரில். மனைவி வசந்தா இருந்தவரை பேசுவது அவள் வேலை, கேட்பது என் வேலை. அவள் போன பிறகு கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஓர் இடம் பிடித்து, ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்பக் கேட்காத கேம் பெட்டிகளை வைத்துக் கடை திறந்தேன். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. எனக்கு வேண்டியதும் அதுதான்.

மாடியில் இடத்துக்காரர் குடியிருந்தார். தெருவே அவரை ஜமால் நானா, அதாவது ஜமால் அண்ணன் என்றுதான் கூப்பிடும். முப்பது வருஷம் வெளிநாட்டில் கடை வைத்திருந்துவிட்டு வந்தவர். எனக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. அங்கே இரண்டு பேர் அடித்துக்கொண்டதில், ஒரு தப்பும் செய்யாத நானா, சாட்சி சொல்வதற்காக வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார். அதனால் எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "கத்தட்டும், கூச்சல் போடட்டும். ஆனா கடைக்குள்ள ஒருத்தன் மேல ஒருத்தன் கை பட்டுச்சுன்னா, அன்னைக்கே சாவி என் கைக்கு வந்துடணும், மெக்கானிக்கே."

சத்தம் எங்கேயிருந்து?

முதல் சில மாதம் கார் ரேஸ், ஃபுட்பால் என்று சாதுவாகத்தான் ஓடியது. பிறகு கல்லூரி மாணவன் ஒருவன் சென்னையிலிருந்து ஒரு டிஸ்க் கொண்டுவந்து போட்டான். அதன் மேலிருந்த இங்கிலீஷ் பெயரை எங்கள் கடையில் யாரும் உச்சரித்ததில்லை. முதல் நாளே அதற்குக் கும்மாங்குத்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். நடுக்கடலில் நாலு கயிற்றில் தொங்கும் ஒரு பலகை. அதன்மேல் ஒரு கரடி, ஒரு சேவல், ஒரு பயில்வான், ஒரு இரும்பு மனிதன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் கடலில் தள்ளவேண்டும். வானத்திலிருந்து சுத்தியல் விழும், வெடிகுண்டு விழும், காரணமே இல்லாமல் தர்பூசணி விழும். அடி விழ விழ ஒவ்வொரு கயிறாக அறுந்து பலகை சாயும். கடைசியில் பலகையில் நிற்பவர் ஜெயித்தவர்.

ஃபுட்பாலில் நன்றாக ஆடத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். இதில் அப்படியில்லை. ஆறு மாதம் ஆடியவன் ஒரு கையால் மூன்று பேரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது அவன் தலையில் தர்பூசணி விழும். நேற்று வந்தவன், எந்தப் பட்டன் எதற்கு என்றே தெரியாதவன், ஒற்றை ஆளாக நின்றுகொண்டிருப்பான். அதுதான் அதன் மயக்கம். தோற்றவன் ஒருவனும் தான் தோற்றதாக நினைக்கமாட்டான். இன்னொரு ஆட்டம் என்பான்.

முதல் நாள் எழுந்த கூச்சலில் மாடியிலிருந்து நானா கையில் தடியோடு தடதடவென்று இறங்கிவந்தார். "கொன்னுட்டான்டா! என்னைக் கொன்னுட்டான்டா!" என்று உள்ளே ஒருவன் அலறிக்கொண்டிருந்தான். நானா வாசலில் நின்று ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தார். நாலு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கட்டைவிரல்கள் மட்டும்தான் அசைந்தன. நானா தடியை இறக்கினார். "ஆளு ஆடாம அசையாம உக்காந்திருக்கான், இம்புட்டுச் சத்தம் எங்கேருந்துய்யா வருது?"

ஜெயித்தவர் எழுந்திருக்கவும்

எந்தக் கேம் கடையிலும் வழக்கம் ஒன்றுதான். தோற்றவர் எழுந்திருக்க வேண்டும், ஜெயித்தவர் உட்கார்ந்திருக்கலாம். எங்கள் கடையிலும் அப்படித்தான் இருந்தது, பிரபு வரும்வரை. மருந்து கம்பெனி ரெப். டாக்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வருவான். பையும் டையுமாக ஓர் இடத்தில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் எழுந்திருக்கமாட்டான். தர்பூசணிகூட அவனைப் பார்த்தால் ஒதுங்கி விழும். ஒருநாள் மூன்றாவது முறையாக எழுப்பப்பட்ட ஒரு பையன் பிரபு கையிலிருந்த ஜாய்ஸ்டிக் வயரைச் சுருட்டிப் பிடித்து இழுத்தான். பிரபு விடவில்லை. வயர் விறைத்துக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு சாண் நெருங்கினால் கை படும். நான் குறுக்கே போய் நின்று, வாயில் வந்ததைச் சொன்னேன். இனிமேல் ஜெயித்தவர் எழுந்திருக்கவேண்டும், தோற்றவர் உட்காரலாம்.

அன்றைக்குத் தப்பித்தேன். மறுநாள் வேறு வினை. உட்கார்ந்தே இருக்கவேண்டும் என்பதற்காக நாலு பேரும் போட்டி போட்டுக்கொண்டு தாங்களாகவே கடலில் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டம் தொடங்கி மூச்சு விடுவதற்குள் பலகை காலி. "நான்தான் முதல்ல குதிச்சேன்", "இல்லை, நான்" என்று மறுபடியும் சட்டைக் கையை மடித்துவிடும் அளவுக்குப் போயிற்று. யோசித்து யோசித்துக் கடைசியில் ஓர் அட்டையில் எழுதி ஒட்டினேன். முதலில் விழுந்தவரும் எழுந்திருக்கவேண்டும், ஜெயித்தவரும் எழுந்திருக்கவேண்டும். இடையில் விழுந்த இருவர் உட்காரலாம். பிரபு அதை இரண்டு முறை படித்தான். "அப்ப இந்தக் கடையில நடுவால இருக்கிறவனுக்குத்தான் வாழ்வுன்னு சொல்லுங்க."

சிவப்புத் தொப்பி

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கடையில் நல்ல கூட்டம். வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். புதுச்சேரி போலீசின் சிவப்புத் தொப்பி, வியர்வையில் நனைந்த சட்டை, முகத்தில் சிரிப்பு இல்லை. பேச்சு பட்டென்று நின்றது. கரடியும் சேவலும் அவை பாட்டுக்குப் பலகையில் நின்றுகொண்டிருந்தன. தொப்பியை மாடியிலிருந்தே பார்த்துவிட்ட நானா, படியில் பாதி இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு முணுமுணுத்தது எனக்குத் தெரிந்தது. யார் புகார் கொடுத்திருப்பார்கள் என்று நானும் ஒரு நிமிஷத்தில் ஊரில் உள்ள முகங்களையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

போலீஸ்காரர் உள்ளே வந்தார். அட்டையில் எழுதியிருந்ததைப் படித்தார். தொப்பியைக் கழற்றி டி.வி.க்கு மேல் வைத்தார். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவனிடம் கையை நீட்டினார். அவன் பயந்துபோய் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தான். ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினார். ஆரம்பத்தில் யாரும் அவரை அடிக்கவும் துணியவில்லை, ஜெயித்தபோது எழுந்திருக்கச் சொல்லவும் துணியவில்லை. அவர் எல்லாரையும் மூன்று முறை கடலில் போட்ட பிறகுதான் அவர்களுக்கும் துணிச்சல் வந்தது. போகும்போது முகம் கழுவின மாதிரி இருந்தார். என்னிடம் சொன்னார்: "திருநள்ளாத்துக் கோயில் கூட்டத்துல காலையிலேருந்து வந்தவன் போனவன் எல்லாரும் என்னைத் தள்ளுறான். நான் ஒருத்தரையும் தள்ளக்கூடாது. எங்கேயாவது தள்ளணும்ல, அண்ணே?"

கரண்ட் போன நொடி

பலகையில் இரண்டு பேர் மீதி. ஒருவர் ஆட்டோ ஓட்டுபவர், இன்னொருவர் வக்கீல் குமாஸ்தா. ஆட்டோக்காரரின் இரும்பு மனிதன் பலகை விளிம்பில் ஒற்றைக் காலில் தத்தளித்துக்கொண்டிருந்தான். குமாஸ்தாவின் பயில்வான் சுத்தியலை ஓங்கினான். கரண்ட் போய்விட்டது. பட்டப்பகல்தான். ஆனாலும் கடைக்குள் இருட்டிவிட்டது. விழுந்துவிட்டான் என்று பாதிப் பேர், விழவில்லை என்று பாதிப் பேர். வெளிச்சத்தில் வராத கோபம் இருட்டில் வரும் என்பது பந்தி விசாரிக்கிற உங்களுக்குத் தெரியும். யாரோ ஒருவருடைய நாற்காலி பின்னால் தள்ளப்படும் ஓசை கேட்டது. நான் டார்ச்சை அடித்து இரண்டு முகங்களுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு நின்றேன். குமாஸ்தா கோர்ட்டில் நிற்பவர் மாதிரி குரலைத் தணித்துச் சொன்னார்: "நீ விழுந்துட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க." ஆட்டோக்காரர் இருட்டுத் திரையைச் சுட்டிக்காட்டினார். "விழுந்த எடத்தைக் காட்டு, ஒத்துக்கறேன்."

காலை ஃப்ளைட்

வார நாளில் மத்தியானம் மூன்று மணிக்குக் கடை காலியாக இருக்கும். அப்படி ஒருநாள் ரஃபீக் வந்தான். மூன்று வருஷம் கழித்துத் துபாயிலிருந்து ஊருக்கு வந்தவன். கூடவே அவன் மனைவி, அவளுடைய தம்பி. இனிமேல் இங்கேயே இருந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தவனுக்கு அங்கிருந்து மறுபடி விசா வந்துவிட்டது என்று தம்பிக்காரன் முன்னமே என்னிடம் சொல்லியிருந்தான். நாலு நாளாக வீட்டில் அக்கா யாரோடும் பேசவில்லையாம்.

ரஃபீக் கரடியை எடுத்தான். அவள் பயில்வானை எடுத்தாள். முதல் முறை ஜாய்ஸ்டிக்கைத் தொடுகிறாள். தம்பியின் சேவலை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கரடியிடம் போய் அடித்தாள். கரடி கடலில் விழுந்தது. ரஃபீக் சிரித்தான். இரண்டாவது ஆட்டம், மறுபடியும் கரடி. மூன்றாவது ஆட்டத்தில் அவன் சிரிப்பதையும் விட்டான், பட்டனை அழுத்துவதையும் விட்டான். கரடி சும்மா நின்றது. "அடிங்களேன் மச்சான். ஏன் நிக்கிறீங்க?" என்றாள் திரையைப் பார்த்தபடியே. "மனசு வரலம்மா" என்றான் அவன். "மூணு வருஷம் வராம இருக்க மட்டும் மனசு வந்துச்சோ?"

நான் ஸ்டூலில் கல்லாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து வெளியே போகலாம் என்றால் ஸ்டூல் கிரீச்சிடும். தம்பிக்காரன் தன் சேவலைத் தானே கடலில் இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பலகையில் அவர்கள் இருவர் மட்டும். அவன் விரல் மெதுவாக அசைந்தது. கரடி நடந்துபோய்ப் பயில்வானைத் தூக்கியது. தூக்கிய வேகத்தில் பலகை சாய்ந்து இரண்டு பேரும் சேர்ந்தே விழுந்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "இன்னும் ஒரு ஆட்டம் போடுங்கண்ணே. நாளைக்குக் காலையில இவங்களுக்கு ஃப்ளைட்டு."

ஒரே போட்டு

மீன்பிடித் தடைக்காலத்தில் பட்டினச்சேரியிலிருந்து ஆட்கள் வருவார்கள். இரண்டு மாதம் கடலுக்குப் போகக்கூடாது. வலை பின்னியாகிவிட்டது, படகுக்கு, அவர்கள் பேச்சில் போட்டுக்கு, வண்ணம் அடித்தாகிவிட்டது, வீட்டில் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? செல்வமும் அவன் மச்சான் குமாரும் அப்படித்தான் வந்தார்கள். இருவரும் ஒரே போட்டில் தொழிலுக்குப் போகிறவர்கள். வந்ததுமே செல்வத்துக்கு ஆட்டத்தின் மேல் ஒரு குறை. "ஏங்க, கடல்ல விழுந்தா அத்தோட முடிஞ்சுதா? நீந்தி வரமாட்டானா? என்ன மனுசன் இவன்?"

இரண்டு கல்லூரிப் பையன்களைச் சேர்த்து நாலு பேராக உட்காரவைத்தேன். பையன்கள் இருவரையும் மாமனும் மச்சானும் வந்த வேகத்தில் கடலில் போட்டார்கள். பிறகு நின்றுவிட்டார்கள். கரடி ஒரு மூலையில், சேவல் ஒரு மூலையில். அடி விழுந்தால்தான் கயிறு அறும். அடி விழாவிட்டால் பலகை அப்படியே தொங்கும். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. வெளியே ஆறு பேர் வரிசையில் நின்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஒருவன், "ஏய், ஆடத் தெரியாட்டி எழுந்திருங்கடா" என்றான். செல்வம் மெதுவாகத் திரும்பினான். கடல் வேலை செய்த தோள். நான் ஓடிப்போய், "தம்பி, ஒருத்தரை ஒருத்தர் அடிச்சாத்தான் ஆட்டம் முடியும்" என்றேன். செல்வம் நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி பார்த்தான். "ஒரே போட்டுல போறவன் மேல கை வைக்கச் சொல்றீங்களா அண்ணே? நல்லாயிருக்கே!"

நாலாவது ஆள்

அதே தடைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை பதினோரு மணி, வரிசையில் யாரும் இல்லை. செல்வமும் குமாரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நிழல் தட்டியது. மாரியப்பன், கூட அவன் போட்டு ஆள் ஒருவன். மாரியப்பனும் பட்டினச்சேரிதான். தடைக்கு முந்தின வாரம் அவன் போட்டின் அடியில் சுற்றும் விசிறி செல்வத்தின் வலையை அறுத்துவிட்டது. வேண்டுமென்றே செய்தான் என்பது செல்வம் கட்சி, வலையை வழியில் விட்டது யார் என்பது மாரியப்பன் கட்சி. ஊர்ப் பஞ்சாயத்து மூன்று முறை கூடியும் தீரவில்லை. இரண்டு தரப்பும் ஒரே டீக்கடையில்கூட நிற்பதில்லை என்று கேள்வி. இப்போது நாலு நாற்காலி, நாலு பேர். மாரியப்பன் போகமாட்டான், செல்வம் எழுந்திருக்கமாட்டான். மாரியப்பன் சத்தமில்லாமல் உட்கார்ந்தான். "போடுங்கண்ணே" என்றான். எனக்கு மாடிப்படியில் காது.

ஆட்டம் தொடங்குவதற்குள் மாரியப்பனின் ஆளுக்குப் போன் வந்து வெளியே போய்விட்டான். சேவல் அனாதையாக நின்றது. "ரெண்டு பேருக்கு ஒருத்தனா? சரிப்படாது" என்றான் மாரியப்பன். "ஓடுறாம் பாரு" என்றான் குமார். மாரியப்பன் பாதி எழுந்தான். அவர்களைத் திரும்ப உட்காரவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாலாவது ஜாய்ஸ்டிக்கை நான் எடுத்துக்கொண்டேன். "நான் பொது ஆளு. நான் பிடிக்கிறேன்" என்றேன். அத்தனை வருஷத்தில் அந்த ஜாய்ஸ்டிக்கின் ஒவ்வொரு பட்டனையும் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஒரு முறைகூட ஆடியதில்லை.

முதல் ஆட்டத்தில் என் சேவல் காலடியில் சுத்தியல் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பட்டனையும் அழுத்தினேன். குமார் கடலில். மாரியப்பன் கடலில். கடைசியில் செல்வமும் கடலில். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வசந்தா போன பிறகு அப்படி ஒரு சூடு என் உடம்பில் வந்ததில்லை. "இன்னொரு ஆட்டம்" என்று முதலில் சொன்னவன் நான்தான். இரண்டாவது ஆட்டத்தில் அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மூவரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். நான் எந்தப் போட்டு ஆளும் இல்லையல்லவா. கரடி பிடித்துக்கொள்ள, பயில்வான் குத்த, இரும்பு மனிதன் மிதிக்க, மூன்றாவது ஆட்டம், நாலாவது ஆட்டம், ஐந்தாவது ஆட்டம். ஒவ்வொரு தடவையும் முதலில் விழுவது சேவல். செல்வம் சேவலைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தான். "டேய்!" என்று ஒரு சத்தம் கேட்டது. அது என்னுடையது என்று தெரிவதற்குள் என் கை செல்வத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தது. சட்டைப்பை கிழிந்து என் கையோடு வந்துவிட்டது.

வாசலில் நானா நின்றுகொண்டிருந்தார். எப்போது இறங்கிவந்தார் என்று தெரியவில்லை. முதலில் பேசியவன் மாரியப்பன். "ஒண்ணுமில்லீங்க நானா. அந்தச் சட்டை முன்னாடியே கிழிஞ்சிருந்துச்சு." செல்வம் நெஞ்சைக் கையால் மறைத்துக்கொண்டான். "ஆமாங்க, பழஞ்சட்டை." அது புதுச்சட்டை. கடையில் மடித்த மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை. நானா என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு தன் கையை நீட்டினார். நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அதில் வைத்தேன். வைத்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இப்போது கிளம்பினால் ஒரு மணி பஸ், இரண்டு மணிக்கு வீடு, அப்புறம் அந்த வீட்டில் இரண்டு மணிக்கு மேல் என்ன செய்வது? நானா சாவியை மூடிப் பிடித்தார். "இத்தனை வருசமா வர்றவன் போறவனையெல்லாம் சந்தேகப்பட்டேன். உன்னைத்தான்யா கவனிக்காம விட்டுட்டேன்."

மூன்று நாள் கழித்து

மூன்று நாள் வீட்டில் இருந்தேன். ஒருவனுக்கு வடித்த சாதம் தினமும் மிஞ்சியது. காரைக்கால் பஸ் வாசலில் ஹார்ன் அடித்துவிட்டுப் போகும்போதெல்லாம் எழுந்து நின்றேன். எங்கே போகிறோம் என்று நினைவு வந்ததும் உட்கார்ந்தேன். நாலாவது நாள் காலை நானாவிடமிருந்து போன். "வந்துட்டுப் போ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். டி.வி.யையும் பெட்டிகளையும் எடுத்துக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, கட்டுவதற்குக் கயிறும் இரண்டு சாக்குப்பையும் கொண்டுபோனேன்.

கடை திறந்திருந்தது. உள்ளே நானா என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஓரம் செல்வமும் குமாரும், மறு ஓரம் மாரியப்பனும் அவன் ஆளும். நடுவில் ஒரு நாற்காலி இடைவெளி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. "உக்காரு" என்றார் நானா. "முந்தாநாள் இந்த செல்வம் மாடிக்கு வந்து, 'நாங்கதான் அண்ணனைச் சீண்டினோம், எங்க மேலதான் தப்பு'ங்கிறான். அவன் கீழ எறங்குறதுக்குள்ள இந்த மாரியப்பன் ஏறி வந்து, 'இல்ல, நாங்கதான் சீண்டினோம்'ங்கிறான். தப்பு யாருதுன்னு படியிலேயே ரெண்டு பேருக்கும் தகராறு. நேத்தும் வந்தானுவோ, இன்னைக்கும் வந்தானுவோ. மேல எனக்குத் தொழ முடியல, படுக்க முடியல."

"கை பட்டுச்சா நானா?" என்று கேட்டேன். "வாய்தான். கை படல" என்றார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து உற்றுப் பார்த்தார். "கை பட்டா சாவியை வாங்குவேன்னு சொன்னேன். வாங்கிட்டேன். சொன்ன சொல்லு அதோட முடிஞ்சுது. இது புதுசா குடுக்கிற சாவி. புதுசா ஒரு கண்டிசன். இனிமே ஆட்டம் நடக்கையில அந்த ஆடுற ரிமோட்ட நீ தொடக்கூடாது. ரிப்பேரு பாக்கணும்னா ஆளெல்லாம் போனப்புறம் பாரு." நான் தலையாட்டினேன். கையிலிருந்த கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டூலுக்கு அடியில் போட்டேன். செல்வம் தையல் போட்ட பையைத் தடவிக்கொண்டான். "நானா சொல்றது சரிதாண்ணே. இந்தக் கடையில ஊரே சேந்து எத்தனையோ அடி அடிச்சிருக்கோம், நெசமா விழுந்தது ஒங்க அடி ஒண்ணுதான்."

ஆகவே, அடுத்தவர் கோபத்துக்குக் காவல் இருந்து பிழைக்கும் அன்பர்களே, எங்கள் கடையில் இன்றும் யாரும் வந்து யாரையும் கடலில் தள்ளிவிட்டுப் போகலாம், கடைக்காரர் மட்டும் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.